அணையாடை வாளியும் பூச்சோங் மண்ணும்

குழந்தையைப் போற்றிப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையை வளர்த்தெடுத்த மொழி நம் மொழி. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என ஏழு பருவங்களை இருபாலார்க்கும் பொதுவாக்கி, ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் மும்மூன்று பருவங்களைத் தனியே வைத்து, பத்துப் பருவங்களாகப் பாடினர் நம் புலவர். குழந்தை தலையசைத்து ஆடுவதையும், கை கொட்டுவதையும், நிலவை விளையாட அழைப்பதையும் பாடிய அவர்கள், அதன் ஈரத் துணியைக் களைந்து நீரில் அலசிய கையைப் பாடவில்லை. பாடாதது குற்றம் என்று கூற வரவில்லை. சிற்றிலக்கியத்திற்கு உரிய மரபு வேறு. ஆயினும், பாட்டு விட்டுவிட்டதை வரலாறாவது எடுத்துக்கொண்டதா என்று தேடினால், அதுவும் இல்லை.

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கப்பலையும் கங்காணியையும் எழுதுகின்றனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளரை இங்கு அனுப்புவதற்குத் தடை விதித்ததை எழுதுகின்றனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தையும், கூலி உயர்வு, மருத்துவ வசதி, பெண்டிரிடம் முறைகேடாக நடப்பதற்கு முற்றுப்புள்ளி முதலான அதன் கோரிக்கைகளையும் எழுதுகின்றனர். இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அம்மக்களின் கைக்குழந்தைகள் நாள்தோறும் நனைத்த துணிகள் எங்கே ஊறின, எவர் கையால் துவைக்கப்பட்டன, எந்த வெயிலில் உலர்ந்தன என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு சமுதாயம் தன் குழந்தைகளை எவ்வாறு வளர்த்தது என்பதற்கு, அத்துணிகள் ஊறிய வாளியும் ஒரு சான்று அன்றோ? அச்சான்றைப் பூச்சோங் வட்டாரத்தை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சின்னம்மாவின் வினா

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு நூலன்று, ஒரு வினா. என் பேரக் குழந்தை பிறந்தபோது, பூச்சோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டிற்கு ஒரு புதிய வாளி வந்தது. காலால் மிதித்தால் திறக்கும்; விட்டால் ஓசையின்றி மூடிக்கொள்ளும்; உள்ளே போடும் ஒவ்வோர் அழுக்குப் பொதியையும் நெகிழிப் பையில் முறுக்கி அடைத்துவிடும்; நாற்றம் சிறிதும் வெளிவராது. விலை சற்று மிகுதிதான். ஆயினும் புதுமையைக் கண்ட பெருமையில் அதனை எல்லார்க்கும் காட்டிக்கொண்டிருந்தோம்.

எண்பது வயதைக் கடந்த என் சின்னம்மா குழந்தையைப் பார்க்க வந்தார். இளமையில் பால்மரம் சீவியவர். மலைக்காட்டில் சறுக்கி விழுந்து கால் பழுதான பின்னர்த் தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் பல ஆண்டுகள் பிள்ளை பார்த்தவர். அவர் அவ்வாளியைத் திறந்தும் மூடியும் பார்த்தார். பிறகு, “மூடி நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் இதைக் கடைசியில் கழுவுவது யார்?” என்று கேட்டார்.

“கழுவ வேண்டியதில்லை, சின்னம்மா. பையோடு எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம்” என்றேன்.

“அப்படியென்றால், அந்தக் குப்பையை எடுப்பவன் கழுவுகிறான் என்று சொல்” என்றார் அவர்.

அவ்விடையில் இருந்த உண்மை என்னை நெடுநாள் விடவில்லை. வாளி அழுக்கை அழிப்பதில்லை. சிறிது நேரம் வைத்திருந்து இன்னொரு கையிடம் ஒப்படைக்கின்றது. அந்த இன்னொரு கை யாருடையது என்பதே வாளியின் வரலாறு.

சொல்லும் பொருளும்

குழந்தையின் கீழே இடும் துணிக்கு அணையாடை என்னும் அழகிய சொல் நம் மொழியில் உண்டு. அகராதியில் உறங்கும் அச்சொல்லை வீட்டில் வழங்குவார் இல்லை. தோட்டப்புறத்து மக்கள் மூத்திரத் துணி, பீத்துணி என்று வெளிப்படையாகவே கூறினர். மலாய் மொழியினர் லம்பின் என்பர். இன்றோ, எந்த நிறுவனத்தின் பொருளாயினும் ‘பேம்பர்ஸ்’ என்றே நம் வீடுகளில் வழங்குகின்றது. ஒரு வணிகப் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. ஆயா என்னும் சொல் போர்த்துகீசியரின் வழி இந்திய மொழிகளில் புகுந்தது. மலாயில் வாளியைக் குறிக்கும் பால்டி என்பதும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. பிள்ளை வளர்ப்பின் எளிய கருவிகளுக்கும் பெயர்களுக்கும் கடல் கடந்த வரலாறு உண்டு என்பதை மாணவர்க்கு உணர்த்த இவையே போதும்.

தோட்டமும் ஆயாக் கொட்டகையும்

பெட்டாலிங் மாவட்டத்தில், கிள்ளான் ஆற்றை ஒட்டிய நிலப்பகுதியே பூச்சோங். இன்று வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் நெருங்கி நிற்கும் இவ்விடம், முன்னர் ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் நிறைந்த பகுதியாக இருந்தது. கின்ராரா, காசல்பீல்டு, புக்கிட் ஈத்தாம் முதலிய பெயர்கள் தோட்டப் பெயர்களாகவே நம் முன்னோர்க்கு அறிமுகமாயின. அவற்றுட் சில இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களிலும் குடியிருப்புகளின் பெயர்களிலும் எஞ்சி நிற்கின்றன. பூச்சோங் 14ஆம் மைல் என்று இன்றும் முதியோர் வழங்கும் இடப்பெயர், சாலையின் மைற்கல்லே ஊருக்கு அடையாளமாயிருந்த காலத்தை நினைவூட்டுகின்றது.

இரப்பர் மரத்தைச் சீவும் தொழில் விடியலுக்கு முன்னரே தொடங்குவது. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆதலின் இருள் பிரியும் முன்பே பெரட்டுக்கு ஆள்கள் கூட வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்னும் நிலையில், தாய் தன் கைக்குழந்தையை எங்கே விடுவாள்? அதற்கென அமைந்ததே ஆயாக் கொட்டகை. தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் கொண்ட ஒரு நீண்ட கொட்டகை. உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் தூளிகள். அவற்றை ஆட்டுவதற்கு ஓர் ஆயா அல்லது இருவர். மரம் சீவும் வலுவை இழந்த பெண்களே பெரும்பாலும் அப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். தோட்டத்துக்குத் தோட்டம் வசதிகள் வேறுபட்டாலும், பொதுவான தோற்றம் இதுவே.

பத்துப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைய வேண்டும் என்று விதித்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தை நம் கல்வி வரலாற்றில் அடிக்கடி எடுத்துரைக்கின்றோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தோற்றத்தை அச்சட்டத்தோடு இணைத்துப் பேசுகின்றோம். ஆயின், பள்ளியில் கால் வைக்கும் முன் ஐந்தாறு ஆண்டுகள் அப்பிள்ளையை உயிரோடு காத்து வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பியது எது? தாயின் மடிக்கு அடுத்ததாக, அந்தக் கொட்டகையே அன்றோ? தமிழாசிரியர் கையில் வந்து சேருமுன் அக்குழந்தை தாலாட்டையும், கதையையும், பழமொழியையும் கேட்டதும் அங்கேதான்.

இரண்டு தகரங்கள்

ஆயாக் கொட்டகையில் துணி ஊறிய முறையைச் சின்னம்மா எனக்கு விளக்கினார். கடையில் வாங்கிய துணி எதுவும் அங்கே இல்லை. கிழிந்த வேட்டி, நைந்த சேலை, பழைய சாரோங் ஆகியவற்றைக் கிழித்து மடித்தவையே அணையாடைகள். பலமுறை துவைத்து நைந்த பருத்தியே குழந்தையின் தோலுக்கு மென்மையானது என்பதைப் பட்டறிவால் அறிந்திருந்தனர். புதுத் துணி ஈரத்தை உடனே ஏற்காது, பழந்துணி ஏற்கும். வறுமை தந்த துணியே குழந்தைக்கு உகந்த துணியாகவும் அமைந்தது.

கொட்டகையின் பின்புறத்தில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்கள் இருக்கும். மேற்புறத்தை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அடித்துப் பிடியாக்கிய நான்கு காலன் தகரங்கள் அவை. ஒன்று சிறுநீர் நனைத்த துணிக்கு. மற்றொன்று மலம் பட்ட துணிக்கு. இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது என்பது ஆயாக்களின் சட்டம். மலத்தை முதலில் குச்சியால் வழித்து அகற்றிய பின்னரே துணி தகரத்துள் இறங்கும். மேலே ஒரு பலகை மூடியாகக் கிடக்கும். அதன் மேல் ஒரு கல் இருக்கும். நாயும் ஈயும் அணுகாமலிருக்கவும், தவழும் பிள்ளை திறந்துவிடாமலிருக்கவும் அக்கல் காவல். தாய்மார் நண்பகலில் பால்வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்துபோய் நிறுவை முடித்துத் திரும்பும்போது, குழந்தையோடு அதன் துணிகளையும் பெற்றுச் செல்வர். பெற்றோர் பலர் நன்கு களைத்திருப்பதைக் கண்டு, சின்னம்மா தாமே பாதித் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுவிடுவாராம். அதற்குத் தனிக் கூலி இல்லை.

இதில் ஒரு செய்தியை நாம் நின்று நோக்க வேண்டும். அதே பெண் காலையில் ஒரு வாளியில் இரப்பர்ப் பாலைச் சுமந்தாள். மாலையில் இன்னொரு வாளியில் தன் குழந்தையின் துணியை அலசினாள். முதல் வாளியின் எடை நிறுக்கப்பட்டது, கணக்கேட்டில் பதியப்பட்டது, இலண்டன் சந்தை வரை அதன் விலை பேசப்பட்டது. இரண்டாம் வாளியை எவரும் நிறுக்கவில்லை. முதல் வாளியைச் சுமக்க அடுத்த தலைமுறையை உருவாக்கியது இரண்டாம் வாளிதான் என்பதைக் கணக்கேடு அறியாது.

நோயும் நீரும்

இவ்வட்டாரத்தின் நலவாழ்வு வரலாற்றில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவரின் பெயர் நிலைபெற்றது. 1901இல் கிள்ளானுக்கு வந்த அவர், சதுப்பு நிலங்களை வடித்து, கொசு பெருகும் இடங்களை அழித்து, மலேரியாக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். அவருடைய பணி உலகப் புகழ் பெற்றது. ஆனால் குழந்தைகளைக் கொன்றது காய்ச்சல் மட்டுமன்று; வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் தோட்டங்களை வாட்டிய நோய்களே. மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும், ஈயின் காலிலிருந்து உணவுக்கும் செல்லும் நோய்க்கு எதிராக நின்ற முதல் அரண், மூடியிட்ட அந்தத் தகரமும் அதன் பின் கழுவப்பட்ட கையுமே ஆகும். வாட்சன் வெட்டிய வடிகாலுக்கு வரலாற்றில் இடம் உண்டு. ஆயாவின் தகரத்தின் மேல் இருந்த கல்லுக்கும் ஓரிடம் தருவது முறையாகும்.

நகரத்தின் நிலையும் வேறன்று. கோலாலம்பூரில் 1890இல் சுகாதாரக் கழகம் அமைந்த பின்னரும், குழாய்வழிக் கழிவகற்றல் பரவும் வரை, கழிப்பறை என்பது ஒரு வாளியே. கடைவீட்டு வரிசைகளின் பின்சந்து வழியே இரவிலும் விடியலிலும் அவ்வாளிகளை எடுத்துச் சென்ற தொழிலாளர் இருந்தனர். அவர்களைப் பகலில் கண்டவர் சிலர். பெயரை அறிந்தவர் அவரினும் சிலர். அழுக்கைச் சுமக்கும் கை மறைவாக இருக்க வேண்டும் என்று சமுதாயம் விரும்புவது நேற்று இன்று தோன்றிய பழக்கமன்று.

உலகில் நிகழ்ந்த மாற்றம்

இனி, இவ்வாளி மாறிய வகையை அறிய, கடல் கடந்து சற்று நோக்குதல் வேண்டும். 1849இல் அமெரிக்கரான வால்ட்டர் ஹண்ட், குத்தாத வகையில் மூடிக்கொள்ளும் ஊக்குக்குக் காப்புரிமை பெற்றார்; குழந்தையின் துணியை இறுக்கிக் கட்ட அது வழி செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், குழந்தை வளர்த்துக்கொண்டிருந்த மரியன் டோனவன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, துணியின் மேல் அணிவிக்கத்தக்க, ஈரம் கசியாத உறையைக் குளியலறைத் திரைத்துணியிலிருந்து தைத்துப் பார்த்தார். 1951இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பேம்பர்ஸ் 1961இல் அமெரிக்கச் சந்தையில் தோன்றியது. 1980களில், தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக்கி வைத்துக்கொள்ளும் வேதிப்பொருள் அதனுள் சேர்ந்தது, அணையாடை மெலிந்தது, பரவல் விரைந்தது.

துணி மாறியதும் வாளியும் மாறியது. முன்னைய வாளி ஊற வைப்பதற்கு. பின்னைய வாளி ஒளித்து வைப்பதற்கு. முன்னதில் நீர் இருந்தது. பின்னதில் பை இருக்கின்றது. முன்னது துணியைத் தூய்மையாக்கி மீண்டும் குழந்தைக்கே தந்தது. பின்னது எதையும் திருப்பித் தருவதில்லை. இவ்வொரு வேறுபாட்டிலேயே இருவேறு காலங்களின் பொருளியல் அடங்கியுள்ளது எனலாம்.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

தாய்மார் சோம்பலால் துணியைக் கைவிட்டனர் என்று கூறுவோர் உளர். அக்கூற்று நேர்மையற்றது. 1972இல் சுங்கைவே தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் பெண்களை வேலைக்கு அழைத்தன. தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாயின. 1999இல் டாமான்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும், 2016இல் இலகு இரயில் பூச்சோங் வரை நீண்டதும் இம்மாற்றத்தின் மைற்கற்கள். தோட்டத்து வரிசை வீட்டை விட்டு மலிவு விலை அடுக்குமாடியில் ஏறிய குடும்பத்திற்குக் கொடிகட்ட முற்றம் இல்லை. வெயில் விழும் கல் இல்லை. ஆயாக் கொட்டகை இல்லை. குழந்தைக் காப்பகம் பற்றிய விதிகளை உள்ளடக்கி 1990இல் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் தோட்டத்தில் குடியிருப்போரையே காத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்க்கு அது துணையாகவில்லை. பேறுகால விடுப்பு நெடுங்காலம் 60 நாளாகவே இருந்தது. 98 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரி முதல் நாளில்தான். இரண்டு மாதக் குழந்தையை அயல்வீட்டில் விட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய தாயிடம், துணியை ஊற வைத்துத் துவை என்று கூற எவருக்கு உரிமை உண்டு?

நீரும் கைவிட்ட காலங்கள் உண்டு. 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கு கடும் நீர்த் தட்டுப்பாட்டில் தவித்தது. 2014இலும் சிலாங்கூரில் நீர்ப்பங்கீடு வந்தது. குழாயில் நீர் இல்லாத நாளில் ஊற வைத்த துணி நிறைந்த வாளி வீட்டில் இருந்தால் என்னாகும் என்பதை, அதனை அனுபவித்தவரே அறிவர். எறியும் அணையாடை அத்தாய்மார்க்கு ஆடம்பரமன்று; மூச்சுவிட ஓர் இடைவெளி.

மண்ணுக்குத் திரும்பிய வாளி

ஆயினும், எறிந்தது எங்கே சென்றது? இங்கேதான் பூச்சோங்கின் வரலாறு ஒரு வட்டத்தை நிறைவு செய்கின்றது. 1995 முதல் 2006 வரை, பூச்சோங்கின் ஆயர் ஈத்தாம் பகுதியில் ஒரு பெரிய குப்பை நிலநிரப்பிடம் இயங்கியது. கழிவுநீர் மண்ணில் இறங்காவண்ணம் அடித்தளம் அமைத்து, முறையாக நிறுவப்பட்ட நிலநிரப்பிடங்களுள் நம் நாட்டில் முன்னோடியானது அது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளில் மூடிய வாளிகள் பல, ஈற்றில் இம்மண்ணில்தான் திறந்தன. புதைந்த குப்பையிலிருந்து எழுந்த மீத்தேன் வாயுவைக் கொண்டு 2004 முதல் அங்கே மின்னாற்றலும் எடுக்கப்பட்டது. அவ்விடம் மூடப்பட்ட பின்னர், 2007 முதல் கோலசிலாங்கூர் வட்டாரத்து ஜெராமுக்குக் குப்பை செல்லலாயிற்று.

2012இல் தேசியத் திடக்கழிவு மேலாண்மைத் துறை நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தியது. வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ 12 விழுக்காடு அணையாடைகளே என்று அது கண்டறிந்தது. உணவுக் கழிவுக்கும் நெகிழிக்கும் அடுத்த இடம் அதுவே. தாள் கூட அதற்குப் பின்னர்தான். இதனை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 அணையாடைகள் எனக் கொண்டால், இரண்டு ஆண்டுகளில் 4,380 ஆகின்றன. அதே குழந்தையைத் தோட்டத்தில் இரண்டு மூன்று டசன் கிழிந்த துணிகள் வளர்த்து, அடுத்த குழந்தைக்கும் மீந்தன.

குப்பை வண்டியின் பின்னே தொங்கிக்கொண்டு வரும் தொழிலாளி நம் வீட்டுப் பையைத் தூக்கும்போது அது கிழிந்தால், அதனுள் இருப்பது அவர் கையிலும் மார்பிலும் வழியும். சின்னம்மா கூறிய ‘கழுவுபவன்’ அவரே. ஆயாவின் கையிலிருந்து தாயின் கைக்கும், தாயின் கையிலிருந்து பெயரறியாத் தொழிலாளியின் கைக்கும் வாளி மாறியிருக்கின்றது, அழுக்கு மறைந்துவிடவில்லை.

வரலாறு கற்பிக்கும் முறை

வரலாறு வீட்டிற்குப் பயன்பட வேண்டும். எனவே, வாளியைத் தேர்ந்து பயன்படுத்தும் முறையை, தோட்டத்தின் பட்டறிவும் இக்கால அறிவியலும் ஒன்றுபடும் இடங்களைக் கொண்டு சுருக்கமாகக் கூறுவேன்.

முதலாவது, மூடி. நன்கு இறுகும் மூடியே வாளியின் உயிர். கை படாமல் காலால் திறப்பது நன்று. தவழும் பிள்ளை திறக்க இயலாததாக இருத்தல் இன்றியமையாதது. நீர் உள்ள வாளியில் எட்டிப்பார்க்கும் குழந்தை தலை கனத்துக் கவிழ்ந்துவிடும். சில அங்குல நீரே உயிரைப் பறிக்கப் போதுமானது. ஆயா வைத்த கல்லின் நோக்கம் இதுவே.

இரண்டாவது, அளவு. பெரிய வாளி வசதி என்று எண்ணுவர். நம் நாட்டு வெப்பத்தில் அது தவறு. சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. கண்ணைக் கரிக்கும் அந்நாற்றம் நேரம் செல்லச் செல்லப் பெருகும். ஒரு நாளைக்கு வேண்டிய அளவே போதும். ஒவ்வொரு நாளும் காலி செய்யும் பழக்கமே எந்த விலையுயர்ந்த மூடியினும் சிறந்தது.

மூன்றாவது, மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிடுதல். துணியாயினும் எறிவதாயினும் இது பொருந்தும். பையில் கட்டி எறியும் மலம் குப்பைத் தொழிலாளிக்கு நாம் செய்யும் தீங்காகும்.

நான்காவது, துணியைப் பயன்படுத்துவோர் இரண்டு வாளிகளை வைத்துக்கொள்ளுதல். சிறுநீர்த் துணியை அலசிப் பிழிந்த பின்னரே எந்த வெளுப்பானையும் சேர்க்க வேண்டும். அம்மோனியாவும் வெளுப்பானும் கலந்தால் நச்சு வாயு எழும். நீண்ட நேரம் ஊற விடுவதினும், அலசி உலர்ந்த வாளியில் வைத்திருந்து அன்றே துவைப்பது நலம். இறுதியில் வெயிலில் உலர்த்தல் வேண்டும். வெயிலுக்கு விலை இல்லை.

ஐந்தாவது, கழுவிய வாளியைக் கவிழ்த்து வைத்தல். தேங்கிய தெளிந்த நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் 1975 முதல் நம் நாட்டில் உள்ளது; கொசுப் புழு காணப்படும் வீட்டார்க்குத் தண்டம் உண்டு. தண்டத்தினும் பெரிது டிங்கிக் காய்ச்சல்.

ஆறாவது, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல். மற்ற ஐந்தும் தவறினும் இது தவறலாகாது.

துணியா, எறிவதா என்னும் வழக்கில் நான் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. முற்றமும் நீரும் நேரமும் உடையவர் துணியை நாடலாம். அவை இல்லாதவர் இரவிலும் பயணத்திலும் எறிவதையும், வீட்டில் பகலில் துணியையும் கலந்து பயன்படுத்தலாம். இரண்டும் இயலாத தாயைப் பழிக்காமல் இருப்பதும் ஓர் அறமே. எதனைத் தேர்ந்தாலும், அடுத்த கை யாருடையது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துத் தேர்தல் வேண்டும். துவைக்கும் கை எப்போதும் தாயின் கையாகவே இருக்க வேண்டும் என்று எந்த நூலும் விதிக்கவில்லை என்பதைத் தந்தையர் உணர்வாராக.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

ஆயாக் கொட்டகையில் பணியாற்றிய பெண்களில் எஞ்சியிருப்போர் இன்று மிகச் சிலர். அவர்கள் எழுதிவைத்தது ஒன்றுமில்லை. தோட்டத்துக் கணக்கேட்டில் அவர்களின் கூலி மட்டும் ஒரு வரியாக இருந்திருக்கலாம். பெயர், பாடிய தாலாட்டு, காத்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவை அவர்கள் நினைவிலேயே உள்ளன. அவர்களோடு அவையும் மறையும். தமிழாசிரியர்கள் தம் மாணவரை ஒரு பணிக்கு ஏவலாம். பாட்டியிடம் சென்று, “நீங்கள் குழந்தையாக இருந்தபோது யார் பார்த்துக்கொண்டார்கள்? துணியை எதில் ஊற வைத்தார்கள்? நீர் எங்கிருந்து வந்தது?” என்று மூன்று வினாக்களைக் கேட்டு எழுதி வருமாறு கூறலாம். அம்மூன்று விடைகளில் ஒரு தோட்டத்தின் வரலாறு முழுவதும் கிடைத்துவிடும். கட்டுரைப் பயிற்சியாகவும் அது அமையும். வரலாற்று ஆவணமாகவும் அது நிலைக்கும்.

புதிய வாளி எங்கள் வீட்டில் இன்றும் உள்ளது. அதன் முறுக்குப் பைகள் தீர்ந்தபின் மீண்டும் வாங்கவில்லை. அதே வாளியில் இப்போது பழைய வேட்டித் துணிகள் கிடக்கின்றன. நாள்தோறும் காலையில் அதனைக் கழுவிக் கவிழ்ப்பது என் பொறுப்பு. அடுத்த முறை வந்த சின்னம்மா, கவிழ்ந்திருந்த வாளியைப் பார்த்தார். “யார் கழுவியது?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். “அப்படியென்றால் சரி” என்று கூறிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.